காண்போர் வழக்கு : தொலைக்காட்சித் தொடரும் கொடுங்கோல் எதிர்காலக் கதையும்

சிலப்பதிகார அரங்கேற்று காதை, ஆடலரங்கின் அளவை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று கணக்கிட்டுக் கூறுகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர்க்குரிய இலக்கணமும் அங்கு விரிவாக உள்ளது. அரங்கின் எதிரே அமர்ந்திருந்தோர் ஆட்டம் முடிந்தபின் தம்முள் என்ன பேசிக்கொண்டு வீடு திரும்பினர் என்பது மட்டும் இல்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்தோரும் சுவைப்பொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல் என நால்வகையாகப் பகுத்துக் காண்போர் உள்ளத்தை நெருங்கி வந்தனர். ஆயினும் அவர்கள் கண்ட காண்போன் உணர்பவனேயன்றி வழக்காடுபவன் அல்லன். கதையின் போக்கை ஏற்க மறுப்பவன், அடுத்து வருவதை ஊகிப்பவன், ஆசிரியனோடு பொருதுபவன் ஆகிய இவர்களுக்கு நம் கவிதையியலில் இடம் ஒதுக்கப்படவில்லை.

தொலைக்காட்சித் தொடர்கள் வந்தபின் இத்தகைய காண்போனே ஆய்வாளர் கண்முன் பெருகி நிற்கிறான். எதிர்காலக் கொடுங்கோன்மையைச் சித்திரிக்கும் தொடர்களில் அவன் குரல் இன்னும் உரத்து ஒலிக்கிறது. மேலைநாட்டார் டிஸ்டோபியா என வழங்கும் இவ்வகைப் புனைவைக் ‘கொடுங்கோல் எதிர்காலக் கதை’ எனக் குறிப்பது பொருந்தும். கொடுங்கோன்மை என்பது திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர்; புதுச்சொல் படைக்க வேண்டிய தேவை எழவில்லை. இத்தகைய தொடர்களின் திருப்பங்களைப் பற்றிக் காண்போர் நடத்தும் வாதத்திற்குத் தமிழ்ச் சூழலில் என்ன முன்வரலாறு உண்டு, இந்தியத் தொலைக்காட்சியின் தோற்றச் சூழல் அவ்வாதத்திற்கு என்ன பொருளைத் தந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தெரிந்த கதையும் தெரியாத கதையும்

காண்போர் வழக்கை இருவகையாகப் பிரித்துக் காணலாம். ‘இது தகுமா’ என்று கேட்பது ஒன்று. ‘இனி என்ன ஆகும்’ என்று கேட்பது மற்றொன்று. முன்னதை நீதி வழக்கு என்றும் பின்னதை நிகழ்ச்சி வழக்கு என்றும் இங்குக் குறிப்போம்.

தெருக்கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் கதை அனைவர்க்கும் தெரிந்ததே. பாஞ்சாலி சபைக்கு இழுத்து வரப்படுவாள் என்பதை அறியாத எவரும் பாரதக் கூத்துக்கு வருவதில்லை. எனவே அங்கு நிகழ்ச்சி வழக்கு எழ வாய்ப்பில்லை. நீதி வழக்கோ ஓய்வதே இல்லை. இராமன் மறைந்து நின்று வாலியை எய்தது அறமா என்னும் வினா உரையாசிரியர்களையும் புலவர்களையும் பட்டிமன்ற மேடைகளையும் தலைமுறை தலைமுறையாக வாழ வைத்திருக்கிறது. 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் அறிஞர் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும், அடுத்த மாதம் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் கம்பராமாயணம் குறித்து நடத்திய சொற்போர்கள் இம்மரபின் அரசியல் முதிர்ச்சி எனலாம். கதையின் ஒரு நிகழ்வுகூட அங்கு ஐயத்திற்கு உள்ளாகவில்லை. அந்நிகழ்வுகளுக்கு யார் தீர்ப்புச் சொல்வது என்பதே போராக இருந்தது.

இதற்கு மாறான ஒரு நிலையைக் கொச்சிக் கடற்கரையில் காண்கிறோம். தமிழ்நாட்டு ஆய்வாளர் பலரும் கடந்துசெல்லும் இடம் இது. களமசேரிக்கு வடமேற்கே பெரியாற்றின் கழிமுகத் தீவாகிய கோதுருத்திலும், மட்டாஞ்சேரியை அடுத்த பள்ளுருத்தி, கொச்சிக் கோட்டைப் பகுதிகளிலும், வைப்பின் கரையிலும் வழங்கிவரும் சவிட்டு நாடகம் போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் லத்தீன் கிறித்தவரிடையே வளர்ந்த கலை. பலகை மேடை அதிரக் காலால் மிதித்து ஆடுவதால் அப்பெயர். அதன் பழைய சுவடிகளின் மொழி பெரும்பாலும் தமிழ். ஆடுவோர் அதனைச் செந்தமிழ் என்றே அழைப்பர். ஆசிரியர்க்கு அண்ணாவி என்று பெயர். சின்னத்தம்பி அண்ணாவி இயற்றியதாகக் கூறப்படும் ‘காறல்மான் சரிதம்’ பிராங்கு நாட்டுப் பேரரசன் சார்லமேனின் கதை. அவனுடைய பன்னிரு வீரர்களும், அவர்களுள் ரோல்தானுக்கு நேர்ந்த துரோகமும் அதில் வருகின்றன. இது பல இரவுகள் தொடர்ந்து ஆடப்பட்ட நாடகம். 1960களில் சபீனா ராஃபி மலையாளத்தில் எழுதிய நூலே இக்கலையை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது.

அந்நாடகத்தின் முதல் காண்போரை எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டியின் மடியில் கேட்ட கதை அன்று. எங்கோ ஒரு பனிநாட்டு மன்னனின் கதை. கேட்கும் மொழியும் அன்றாடம் பேசும் மலையாளம் அன்று. நாளை இரவு ரோல்தான் பிழைப்பானா என்பதை ஊர் அறியாது. முதல் முறை ஆடப்பட்ட போதேனும் நிகழ்ச்சி வழக்கு இங்கு எழுந்திருக்கக்கூடும் என்று கொள்வதில் தவறில்லை. கட்டியக்காரன் என்னும் பாத்திரம் இந்த இடைவெளியிலேதான் நிற்கிறான். அரசர் பாடும் தமிழை எளிய பேச்சில் விளக்குகிறான். அரசரைக் கேலி செய்கிறான். காண்போர் கேட்க நினைப்பதை அவனே கேட்டுவிடுகிறான். தமிழகத் தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கும் இவனுக்கும் உள்ள உறவு தனியே ஆராயத்தக்கது. காண்போர் வழக்கை மேடைக்குள்ளேயே ஒருவனிடம் ஒப்படைத்துவிடும் இந்த ஏற்பாடு பின்னர்த் தொலைக்காட்சியிலும் வேறு உருவில் திரும்பி வந்தது என்பதற்காகவே இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

வார இடைவெளி

நிகழ்ச்சி வழக்கைத் தமிழகம் முழுவதற்கும் பொதுவாக்கியது வார இதழ்த் தொடர்கதை. ஒரு வாரம் என்பது சிறிய கால அளவன்று. ஏழு நாளும் கதை வாசகர் கையில் இருக்கிறது. ஆசிரியர் கையில் இல்லை. அந்த ஏழு நாளில் திண்ணையிலும் அலுவலகத்திலும் பாத்திரங்கள் வேறு வேறு வகையில் வாழ்ந்து பார்க்கின்றன.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ இதற்குத் தலைசிறந்த சான்று. நாவல் முடிந்தபோது வாசகர் பலர் நிறைவடையவில்லை. பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்கு விடையாகக் கல்கி ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. அம்முடிவுரை இன்றும் நூலின் பகுதியாகவே அச்சிடப்படுகிறது. அதாவது, வாசகர் வழக்கின் ஒரு சுவடு நூலின் உடலிலேயே தங்கிவிட்டது. தமிழ் உரைநடை வரலாற்றில் இதற்கு உரிய கவனம் தரப்படவில்லை என்பது என் கருத்து.

ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வினா இன்னும் சுவையானது. நாவல் அதற்கு ஐயமற்ற விடை தரவில்லை. வரலாறும் முழு விடை தருவதில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கொலையில் தொடர்புடைய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் உறவினர் நிலங்கள் பறிமுதல் ஆனதைக் கூறுகிறது. உத்தம சோழனுக்கு இதில் பங்கு உண்டு என நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். தொடர்கதை வாசகர் திண்ணையில் பேசியதும் வரலாற்றறிஞர் நூலில் எழுதியதும் ஒரே வினாவைப் பற்றியவை. கொல்லப்பட்டவன் பட்டத்து இளவரசன். கொலையால் அரியணை யாருக்குக் கிட்டியது என்பதே துப்பு. திரைப்பட வடிவம் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்தபோது இவ்வழக்கு மீண்டும் உயிர்த்ததை அனைவரும் அறிவர். கதையில் ‘யார் செய்தது’ என்று கேட்பவன், தன்னை அறியாமலே ‘யார் ஆள்வது’ என்றும் கேட்கிறான் என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அறிவுரையாக வந்த தொடர்

தில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை முயற்சியாகத் தொடங்கிய இந்தியத் தொலைக்காட்சி சென்னைக்கு வந்த நாள் 1975 ஆகஸ்டு 15. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு அப்போது ஏழு வாரங்களே ஆகியிருந்தன. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தனர். சென்னை நிலையம் பிறந்த ஐந்தரை மாதங்களில், 1976 சனவரி 31 அன்று, மாநில அரசே கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலையின்போது அரசு ஊடகங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டமை குறித்து 1977இல் புதிய அரசு வெள்ளையறிக்கை வெளியிட்டது. தமிழர் வீட்டுக்குள் ஒளிப்படிமம் முதன்முதலாக நுழைந்த காலச்சூழல் இது. சென்னைத் தொலைக்காட்சியைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பற்றியும் செவ்வாய்க்கிழமை நாடகம் பற்றியும் இனிமையாகப் பேசுகின்றன. இப்பிறப்புச் சூழலை அவை பெரும்பாலும் தொடுவதில்லை.

அதே நெருக்கடி நிலையின் மற்றொரு முகம் கட்டாயக் கருத்தடை. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 80 லட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. வடநாட்டில் இதனால் எழுந்த வெறுப்பு 1977 தேர்தலில் ஆட்சியையே மாற்றியது.

வற்புறுத்தல் தோற்ற இடத்தில் கதை சொல்லி இணங்க வைக்கலாம் என்னும் எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. மெக்சிகோவில் மிகேல் சபிடோ தொலைக்காட்சித் தொடர்கள் வழியே குடும்பநலக் கருத்துகளைப் பரப்பிய முறை இங்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. அதன் விளைவே 1984 சூலை 7 முதல் 1985 திசம்பர் வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘ஹம் லோக்’. எழுதியவர் இந்தி எழுத்தாளர் மனோகர் ஷியாம் ஜோஷி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றி, நிகழ்ந்தவற்றைப் பற்றிக் காண்போரிடம் உரையாடினார். கட்டியக்காரன் திரும்பி வந்தான். கேலி செய்வதற்கு மாறாக இவன் அறிவுரை கூறினான் என்பதே வேறுபாடு.

தொடர் எழுந்த விதமும் காண்போர் அதனை எடுத்துக்கொண்ட விதமும் ஒன்றாக இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டைப் பெரிதும் வலியுறுத்திய முதல் பதின்மூன்று பகுதிகளை மக்கள் விரும்பவில்லை. கதையின் நோக்கு மாற்றப்பட்டது. குடும்பச் சிக்கல்கள் முன்னிடம் பெற்றன. அதன்பின் வந்த கடிதங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு லட்சம் என அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோரின் ஆய்வு கூறுகிறது. பாத்திரங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அக்கடிதங்கள் ஆலோசனை கூறின. அடங்கி நடக்கும் தாயாகிய பாகவந்தியைத் தவிர்க்க வேண்டிய எடுத்துக்காட்டாகப் படைத்திருந்தனர். காண்போரில் ஒரு சாரார் அவளையே பின்பற்றத்தக்கவளாகக் கொண்டனர். எழுதியவர் நினைத்ததற்கு எதிரான பொருளைக் காண்போர் கொண்டது ஆய்வாளர்க்கு வியப்பாக இருந்தது. நீதி வழக்கின் நெடிய மரபை அறிந்தோர்க்கு இதில் வியப்பு இல்லை.

சென்னை நிலையத்தில் ‘எதிரொலி’ என்னும் நிகழ்ச்சி காண்போர் கடிதங்களைப் படித்து விடை கூறியது. பதினைந்து காசு அஞ்சலட்டை அரசு நிலையத்தைக் கேள்வி கேட்கும் கருவியாக இருந்த காலம் அது.

கடிதத்தோடு நில்லாது, வீதியில் இறங்கிய நிகழ்வும் உண்டு. 1987 சனவரி முதல் 1988 சூலை வரை ஒளிபரப்பான இராமானந்த சாகரின் ‘ராமாயண்’ பட்டாபிடேகத்தோடு முடிவுற இருந்தது. உத்தர காண்டம் வேண்டும் என்று கோரி 1988இல் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வேறு நகரங்களுக்கும் அது பரவியது. வால்மீகி முனிவரைத் தம் முன்னோராகக் கொண்ட சமூகத்தார்க்கு, வால்மீகி சீதைக்கு அடைக்கலம் தரும் பகுதி இல்லாத இராமாயணம் முழுமையானதாகத் தோன்றவில்லை. அரசு இணங்கியது, ‘உத்தர ராமாயண்’ தனித் தொடராக வந்தது. தமிழில் கம்பர் யுத்த காண்டத்தோடு நிறுத்தினார் என்பதும், உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குகிறது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கன. கதை எங்கு முடிய வேண்டும் என்பது நமக்குப் புதிய வழக்கன்று. துப்புரவுத் தொழிலாளர் அவ்வழக்கில் வென்றது புதிது.

ஆள்பவன் யார்?

இப்பின்னணியிலேதான் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வாசிக்கப்பட வேண்டும். 1980களில் ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடர்கதையாக வந்து, பின்னர்த் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பான இப்படைப்பு 2020களின் தொடக்கத்தில் நிகழ்வது. இந்தியாவை ஜீவா என்னும் தனியொருவர் ஆள்கிறார். குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். குடிமக்கள் பெயர் ஈரெழுத்துக்கு மேற்படக் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ ஆகிய பெயர்கள் அனைத்தும் அவ்வாறே அமைந்துள்ளன. ஜீனோ என்னும் இயந்திர நாயின் பெயரும், ஏன், ஆள்பவரின் பெயரும் ஈரெழுத்தே. ஆள்பவரும் நாயும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே அளவில் முடிவது சுஜாதாவின் குறும்பு என்றே எனக்குப் படுகிறது.

அனுமதி பெற்றுப் பிள்ளை பெறும் நாடு என்பது 1980களின் தமிழ் வாசகர்க்கு வெறும் அறிவியல் கற்பனை அன்று. நெருக்கடி நிலை முடிந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. குடும்பநலத்தைப் பரப்பத் தோன்றிய தொலைக்காட்சித் தொடர் வடிவமும், பிறப்புரிமையை அரசு பறித்துக்கொண்ட நாட்டின் கதையும் ஒரே காலத்தின் விளைவுகள். ‘ஹம் லோக்’ எந்த நோக்கத்திற்காக எழுந்ததோ அந்த நோக்கத்தின் கடைக்கோடியை ‘என் இனிய இயந்திரா’ காட்டுகிறது. அது தூர்தர்ஷன் வழியாகவே வீடுகளுக்குச் சென்றது என்பதை வரலாற்றாசிரியர் எளிதில் கடந்துவிடக் கூடாது.

கதையின் முதன்மைத் திருப்பம், ஜீவா என்று ஒரு மனிதரே இல்லை என்பது. மக்கள் கண்டு வணங்கிய தலைவர் ஒளியால் ஆக்கப்பட்ட முப்பரிமாணப் படிமம். அவரைக் கொல்லச் சென்றவர்க்குக் கொல்ல ஓர் உடல் கிடைப்பதில்லை. அடுத்த திருப்பம் இதனினும் கசப்பானது. படிமம் கலைந்தபின் அதிகாரம் மக்களிடம் வரவில்லை. நிலா பெயரளவு அரசியாக முன்னிறுத்தப்பட, ரவியும் மனோவும் பின்நின்று ஆள்கின்றனர். ‘மீண்டும் ஜீனோ’ அங்கிருந்து தொடர்கிறது.

இத்திருப்பம் அச்சிலும் திரையிலும் ஒரே வகையில் செயற்படுவதில்லை. அச்சில் ஜீவாவும் நிலாவும் சொற்களே. ஒருவர் பொய் என்று தெரியவரும்போது வாசகர் தாம் மனத்தில் வரைந்த உருவை அழித்துக்கொள்கிறார். திரையில் நிலாவும் ஒளிப்படிமம், ஜீவாவும் ஒளிப்படிமம். கண்ணால் கண்ட இருவருள் ஒருவர் மட்டும் பொய் என்பதை ஏற்கும் காண்போன், தன் வீட்டுப் பெட்டியில் நாள்தோறும் தோன்றும் ஏனையோரையும் ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. செய்தி வாசிப்பவர், திறப்பு விழா நடத்தும் அமைச்சர், உரையாற்றும் பிரதமர் என அனைவரும் அதே பெட்டியிலிருந்து வருவோரே. திரைப்படிமத்தின் ஆற்றலால் ஆட்சியைப் பிடித்த தலைவர் ஒருவர் 1977 முதல் 1987இல் மறையும் வரை முதலமைச்சராக இருந்த மாநிலத்தில் இவ்வினாவிற்குத் தனிக் கூர்மை உண்டு. சுஜாதா அவரைச் சுட்டினார் என்பது இதன் பொருளன்று. அப்படிக் கூறச் சான்று வேண்டும். காண்போரிடம் அத்தகைய வினாவை எழுப்பவல்ல அனுபவம் முன்பே இருந்தது என்பது மட்டுமே இங்குக் கூறப்படுவது.

நாவலை முன்பே படித்தோரும் படியாதோரும் ஒரே கூடத்தில் அமர்ந்து தொடரைக் கண்டனர் என்பதும் கருதத்தக்கது. படித்தோர்க்கு அது தெருக்கூத்தைப் போன்றது. கதை தெரியும், ஆட்டம் எப்படி என்பதே கேள்வி. எழுத்தில் ஜீனோ ஒவ்வொரு வாசகர்க்கும் ஒவ்வொரு நாய். திரையில் அனைவர்க்கும் ஒரே நாய். படியாதோர்க்கோ அது காறல்மான் நாடகத்தின் முதல் இரவு. நீதி வழக்கும் நிகழ்ச்சி வழக்கும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் நடக்கும் சூழல் இவ்வாறு உருவாயிற்று.

பிறநாட்டு நிகழ்வுகள் இரண்டை ஒப்பிடலாம். ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை பிபிசி 1954 திசம்பர் 12 அன்று நாடகமாக ஒளிபரப்பியபோது அதன் கொடுமைக் காட்சிகளைக் கண்டித்தும் ஆதரித்தும் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் தீர்மானங்கள் முன்வைக்கப்பட்டன. எதிர்ப்பைப் பொருட்படுத்தாது நான்கு நாள் கழித்து நடிகர்கள் நேரலையில் அதனை மீண்டும் நடித்தனர். இதில் எழுந்தது நீதி வழக்கு. காட்டலாமா, கூடாதா என்பது. 1967-68இல் ஐடிவியில் வந்த ‘தி பிரிசனர்’ பதினேழு பகுதிகள் கொண்டது. அங்கும் மாந்தர்க்குப் பெயர் இல்லை, எண்களே உண்டு. கதைத்தலைவன் ஆறாம் எண். முதலாம் எண் யார் என்பதே தொடர் முழுதும் நிலவும் வினா. 1968 பிப்ரவரியில் வந்த இறுதிப் பகுதியில் முகமூடி விலகும்போது தெரிவது கதைத்தலைவனின் முகமே. கண்டோர் பலர் ஏமாற்றப்பட்டதாகச் சினந்து தொலைக்காட்சி நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து முறையிட்டனர்.

‘முதலாம் எண் யார்’ என்பதும் ‘ஜீவா யார்’ என்பதும் ஒரே வினா, விடைகள் வேறு. ஆங்கிலத் தொடர் அரியணையில் தனிமனிதனின் முகத்தையே வைத்தது. தமிழ்க் கதை அரியணையை வெறுமையாகக் காட்டி, அதன் பின்னே மனிதர் இருவரை நிறுத்தியது. முன்னது மனத்தைப் பற்றியது. பின்னது அரசைப் பற்றியது. உடையார்குடிக் கல்வெட்டைப் படித்து ‘அரியணை யாருக்குக் கிட்டியது’ என்று கேட்ட மரபினர்க்குப் பின்னதே இயல்பானதாக இருந்திருக்கும்.

ஒன்று கூற வேண்டும். இத்தகைய கதைகளுக்குள் வாழும் குடிமக்கள் வாதிடுவதில்லை. ஜீவா ஏன் இவ்வாறு ஆணையிட்டார் என்று எவரும் அண்டை வீட்டாரோடு பேசுவதில்லை. பேசினால் காணாமற் போவர். அவர்களுக்கு மறுக்கப்பட்ட அதே செயலைத்தான் கதையைக் காண்போர் வாரந்தோறும் செய்கின்றனர். இராமாயணத்தைக் காண்போர் கதைமாந்தர் செய்ததையே மீண்டும் எடுத்து வழக்காடுகின்றனர். அங்கு அவையும் வாதமும் கதைக்குள்ளேயே உண்டு. கொடுங்கோல் எதிர்காலக் கதையில் வாதம் கதைக்கு வெளியே மட்டுமே இருக்க முடியும். இதுவே அவ்வகைத் தொடரில் காண்போர் வழக்கு தனித்தன்மை பெறும் இடம்.

இடைவெளி சுருங்கிய பின்

1990களின் பிற்பகுதியில் நாகா இயக்கத்தில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’, வார இடைவெளியை முழுமையாகப் பயன்கொண்ட தொடர்களுள் ஒன்று. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ அதன் மூலம். ஊரில் நிகழும் தண்டனைகள் கருப்பசாமியின் செயலா, அவர் பெயரால் ஒரு மனிதர் செய்பவையா என்பதே வழக்கு. எதிர்காலத்தை விட்டுக் கிராமத்துக் காவல் தெய்வத்திற்கு வந்தாலும், தண்டிக்கும் உருவின் பின்னே யார் என்னும் வினா மாறவில்லை.

பின்னர் நாள்தோறும் வரும் நெடுந்தொடர்கள் வந்தன. ‘சித்தி’ 1999 முதல் 2001 வரையும், ‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரையும் ஒளிபரப்பாயின. ஏழு நாள் இடைவெளி ஒரு நாளாயிற்று. ஊகிக்க நேரம் குறைந்தபோது வழக்கு மறைந்துவிடவில்லை. மருமகள் செய்தது சரியா என நீதி வழக்கின் பக்கம் மீண்டும் சாய்ந்தது. இணையவழித் தளங்களில் அந்த ஒரு நாளும் இல்லை. பிரயாக் அக்பரின் நாவலைத் தழுவி, ஆர்யவர்த்தா என்னும் வருங்கால நாட்டில் தாய் ஒருத்தி மகளைத் தேடும் கதையாக 2019 சூன் 14 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘லைலா’வின் ஆறு பகுதிகளும் ஒரே நாளில் வெளியாயின. அதன் முடிவு தெளிவாக்கப்படாமல் விடப்பட்டது. எனினும் அது குறித்து எழுந்த பொதுவாதத்தின் பெரும்பகுதி, லைலா என்ன ஆனாள் என்பதைப் பற்றியதாக இல்லை; ஒரு சமயத்தை இழிவுபடுத்துகிறதா இல்லையா என்பதைப் பற்றியதாக இருந்தது. 1954இன் இலண்டன் வழக்கை அது ஒத்தது.

காண்போர் வழக்கின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்குச் சான்றுகள் சீராக அமைவதில்லை. கல்கியின் முடிவுரை நூலில் உள்ளது. ‘ஹம் லோக்’ கடிதங்கள் ஆய்வாளர் இருவர் தேடிச் சென்றதால் ஆய்வேட்டில் இடம்பெற்றன. ஜலந்தர் வேலைநிறுத்தம் செய்தித்தாளில் பதிந்தது. கூடத்தில் அமர்ந்து பேசியவை நினைவில் மட்டுமே உள்ளன. ‘என் இனிய இயந்திரா’வை இருபது வயதில் கண்டோர் இன்று அறுபதை அணுகுவோர். நாட்டார் வழக்காற்றியல் துறையினர் கூத்துக் கலைஞரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு செல்வதுபோல இவர்களிடமும் செல்ல வேண்டும். கோதுருத்தின் அண்ணாவிகளிடம் செல்வோர் நாடகச் சுவடியைக் கேட்பதோடு நில்லாமல், பலகை மேடையின் கீழ் அமர்ந்து கண்ட முதியோரையும் கேட்டால் நன்று.

2020 மார்ச்சு இறுதியில், ஊரடங்கின்போது, தூர்தர்ஷன் ‘ராமாயண்’ தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. ஏப்ரலில் அது நிறைவுற்றதும் ‘உத்தர ராமாயண்’ தொடங்கியது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலைநிறுத்தத்தால் பெறப்பட்ட அப்பகுதிகள் இம்முறை எவரும் கேளாமலே தொடர்ந்து வந்தன. சீதையைக் காட்டுக்கு அனுப்பியது தகுமா என்று வீடுகளில் மீண்டும் பேசினர்.